மாமர லாரியைத் திருப்பி அனுப்பிய பிறகு

மாப்பிள்ளை,

எத்தனை முறை துவைத்தும் சட்டையிலிருந்து மாம்பால் வாடை போகவில்லை. போன வாரம் எங்கள் மில்லுக்கு வந்த லாரியின் தார்ப்பாயை விலக்கியபோது ஒட்டிய வாடை. உள்ளே அத்தனையும் பச்சை மாமரம். வத்திராயிருப்புப் பக்கம் காய்த்துக்கொண்டிருந்த தோப்பு. எனக்கு முதலில் எரிச்சல் வந்தது உன்மேல்தான். எல்லாவற்றையும் தொடங்கி வைத்துவிட்டு நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கும் எங்கள் மில்லில் பாய்லருக்கு முன்பெல்லாம் நிலக்கரிதான். எரிபொருள் வாங்குவது என் பொறுப்பு. நீ தென்னை மட்டையையும் கரும்புத் தோகையையும் அரைத்து, மெஷினில் அழுத்திய கட்டைகளைச் சாக்கோடு கொண்டுவந்து என் மேஜைமேல் கொட்டினாய். "வயக்காட்டுல சும்மா எரியிறதை உன் பாய்லர்ல எரி, மாப்ள. நிலக்கரிப் புகையாவது குறையும்" என்றாய். முதலாளி சிரித்தார். சம்மதிக்கும்வரை நீ விடவில்லை. அதற்குப் பிறகும் உன் ஷெட்டுக்கு வரும் ஒவ்வொரு லோடிலும் ஏறிக் கிளறுவாய். "கழிவைத்தான் எரிக்கணும். எரிக்கதுக்குன்னு மரத்தை வெட்டுனா நம்ம செஞ்சதுக்கு அர்த்தமே இல்ல."

நிலக்கரி எரிக்காத மில் என்று வெளிநாட்டு ஆர்டர் குவிந்தது. இரண்டாவது பாய்லர் வந்தது. அந்த நேரம் பார்த்து நீ ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். எரிபொருள் அனுப்ப உன் இடத்துக்கு ஓர் ஏஜென்ட் வந்தான்.

மாமரத்தைக் காட்டிக் கேட்டேன். "மட்டை கிடைக்கல சார். பசுமை எரிபொருள்னுதானே போர்டு வச்சிருக்கீய? மரம் பச்சையாத்தானே இருக்கு?" என்றான். லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

மதியத்துக்குள் எரிக்க ஒன்றுமில்லாமல் இரண்டு பாய்லரும் அணைந்தன. துணி மடிக்கும் பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பேச்சியம்மா எழுந்து வந்தாள். "மரத்தைப் பார்த்தீய, சரி. எங்க பொழப்பைப் பார்த்தீயளா?" சாயங்காலம் முதலாளி என்ன செய்தார் தெரியுமா? நிலக்கரி இறக்கினார். எதை வேண்டாம் என்று ஒழித்தோமோ அதுவே வாசலில் வந்து குவிந்தது.

மறுநாள், நீ மட்டை எடுத்துவந்த வ. புதுப்பட்டிக்குப் போனேன். தென்னந்தோப்போரம் ஒரு விவசாயி மட்டையைக் குவித்துத் தீ வைத்துக்கொண்டிருந்தார். மில் வண்டியை விட்டு இறங்கும்போதே கத்தினேன்.

"மட்டையே இல்லைங்கான் ஏஜென்ட். நீங்க இங்க எரிச்சுக்கிட்டு இருக்கீய!"

"வண்டி வந்தா நான் ஏன் எரிக்கேன்? முன்னால மட்டை எடுத்தவிய இருந்தப்ப வாரந்தவறாம வருவாவ. உங்க ஏஜென்ட் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல."

தோப்பு தோப்பாக அலைந்து மட்டை சேர்ப்பதைவிட, ஒரே தோப்பை வெட்டிச் சாய்ப்பது அவனுக்குச் சுலபம். அவ்வளவுதான் விஷயம். தலையில் அடித்துக்கொண்டேன். அந்த மனிதரே தண்ணீர் ஊற்றித் தீயை அணைத்து, மிச்சத்தை வண்டியில் ஏற்றிவிட்டார்.

இப்போது உன் ஷெட்டில் மெஷினை உன் மனைவி ஓட்டுகிறாள். "இதை வச்சு ரெண்டு பாய்லரும் ஓடுமா?" என்று முதலாளி கேட்டார். "ஒண்ணு ஓடும்" என்றேன். இன்னொன்றுக்கு என்னிடம் பதில் இல்லை. உன்னிடமும் இருந்திருக்காது.

அந்த இன்னொன்றில் நிலக்கரி எரிகிறது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கோபம் வருகிறது. அது உன் கோபம் மாப்பிள்ளை. எனக்கென்று நீ விட்டுப்போனது அது ஒன்றுதான். இறக்கி வைக்க எனக்கு மனமில்லை.