வெங்காயத் தோட்டத்தில் நடுக்கதிரை

யாருக்கும் பயப்படாத என் அம்மாவுக்கு,

நேற்று உங்கள் ஆட்டைத் திவசம். ஒரு வருடம் ஓடிவிட்டது. எங்கள் பண்டத்தரிப்பு ஊருக்கு இன்னும் மின்சாரம் வரவில்லை. படையலுக்குக் காய்கறி வெட்டிக்கொண்டே எல்லோரும் அந்தப் படத்தைப் பற்றித்தான் கதைத்தார்கள். உங்களுக்குக் கேட்டதா?

அண்ணை வெளிநாடு போகப் புறப்பட்டபோது எடுத்த படம். கிளாலிக் கடலைப் படகில் தாண்டவேண்டும். நேவி சுடுவதால் தாண்டப் போனவர்களில் பலர் கரை சேரவில்லை. அதனால்தான் குடும்பமாக ஒரு படம் வேண்டுமென்று நின்றீர்கள். ஸ்ரூடியோவில் விளக்கெரிய வழியில்லை. படக்காரர் கமராவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு எங்கள் வெங்காயத் தோட்டத்துக்கே வந்தார். கிணற்றடியில் கதிரைகள் போட்டோம்.

நீங்கள் நடுக்கதிரைக்குப் போனதும், அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, உங்கள் கையைப் பிடித்து இழுத்தார்.

"பிள்ளை, நீ தள்ளி நில். பொடியன் தூரப் பயணம் போறான். தாலியறுத்தவள் நடுவிலை இருந்தால் சகுனம் சரியில்லை."

அண்ணை ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீங்கள் விடவில்லை.

"உங்கடை தம்பி செல்லடியிலை செத்த அண்டைக்கு நான் நெத்தி நிறையப் பொட்டோடைதான் நிண்டனான், மச்சாள். அப்ப அந்தச் சகுனம் எங்கை போனது?"

விறுவிறென்று வீட்டுக்குள் போனீர்கள். வெள்ளைச் சேலையோடு போய், அப்பா வாங்கித் தந்த பச்சைச் சேலையோடு வந்தீர்கள். நெற்றியில் குங்குமம். எனக்குப் பெருமையாக இருந்தது, அம்மா. பயமாகவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆமியின் ஹெலிகொப்டர் இரைந்தது. எல்லோரும் பங்கர் குழிக்குள் விழுந்தோம். சத்தம் அடங்கி வெளியே வந்ததும் மாமி தொடங்கினார்.

"பாத்தியே? நான் சொன்னனான்!"

"நேற்று வெள்ளைச் சேலையோடை நிக்கேக்கையும் உந்த ஹெலி வந்ததுதானே, மச்சாள்?"

படக்காரர் சிரித்துவிட்டார். "அக்கா, வெயில் இறங்குது. நடுவிலை இருங்கோ."

இருந்தீர்கள். சேலையில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டவில்லை.

அண்ணை கரை சேர்ந்தார். ஆமி பாதையை மூடி மருந்தை வரவிடாததால், உங்களைத்தான் மூச்சிழுப்புக் கொண்டுபோனது. அதற்கு ஒருவரும் சகுனம் பார்க்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் அச்சிட உங்கள் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, பொட்டை அழித்துப் போடலாமென்றார்கள். "பொட்டில்லாட்டிப் படமுமில்லை" என்றேன். பொட்டோடுதான் அச்சானது. ஊர் ஒரு கிழமை கதைத்துக் களைத்தது.

இனி என் சேதி. ஆவணியில் எனக்குக் கலியாணம். மாமியின் மகள் கமலாவின் புருஷன் மீன்பிடிக்கப் போன இடத்தில் சூடுபட்டுச் செத்துப்போனார். இப்போது அவளும் வெள்ளைச் சேலையில். "நான் அடுப்படியிலை நிக்கிறன், மச்சாள். படத்துக்குக் கூப்பிடாதை" என்று இப்போதே சொல்லிவிட்டாள். மாமி பக்கத்தில்தான் இருந்தார். நிலத்தைப் பார்த்தார்.

கலியாணப் படமும் தோட்டத்தில்தான் எடுப்போம். கமலா எனக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்வரை படக்காரரைக் கமராப் பொத்தானை அமத்த விடமாட்டேன். மாலை வாடட்டும், மாப்பிள்ளை வீட்டார் முறுமுறுக்கட்டும், பொழுதே சாயட்டும். அவள் இல்லாமல் எனக்குக் கலியாணப் படமே இல்லை. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கடை கடைக்குட்டி,
வசந்தி