துரையின் பெயரில் என் மூளை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், என் இடது முழங்கால் மட்டும் இதை ஒப்புக்கொள்ள மறுக்கிறது. நீயும் உன் வயிற்றில் இருப்பதும் உன் கணவரும் (அவரைக் கடைசியில் எழுதியதற்குக் காரணம் உண்டு) நலம் என்று அம்மாவின் தொலைபேசிப் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டேன். ஒட்டுக்கேட்கவில்லை, அவள் சத்தமாகப் பேசுகிறாள். பிரசவத்துக்கு வாங்கப்பா என்று நீ மூன்று முறை கூப்பிட்டாய், மூன்று முறையும் முடியாது என்று அம்மாவிடம் சொல்லியனுப்பினேன். ஒரு வார்த்தை கேட்காமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு மறுநாள் புகைப்படம் அனுப்பியவள் நீ. அதையும் எனக்கு அனுப்பவில்லை, அம்மாவுக்குத்தான் அனுப்பினாய். இரண்டு வருடமாக அது தொண்டையில் முள்ளாக நிற்கிறது. வெள்ளிக்கிழமை அம்மா தனியாகக் கிளம்புவதாக ஏற்பாடு. அதற்குள் ஆய்வகத்தில் ஒரு கூத்து நடந்துவிட்டது.

உன் மாமாதான் இப்போது எங்கள் தலைவன். அம்மாவின் தம்பியாயிற்றே என்று கையைப் பிடித்து வேலைக்குச் சேர்த்துவிட்டவன் நான், எனக்குப் பின்னால் வந்து என் தலைமேல் உட்கார்ந்தவன் அவன். நான் இன்னும் குரங்குகளைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். குரங்கை எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் படுக்கவைத்து, அது ஒரு முடிவுக்கு வரும்போது மூளையில் எந்த இடம் விழிக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. திரையில் ஒரு வட்டமும் ஒரு நட்சத்திரமும் வரும், கையருகே இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான். வட்டத்தை அழுத்தினால் குழாயில் ஒரு சொட்டு ஆப்பிள் சாறு, நட்சத்திரத்துக்கு ஐந்து சொட்டு. ஆனால் தினமும் முதல் தடவை மட்டும் நட்சத்திரம் ஒன்றும் தராமல் ஏமாற்றும். ஏமாந்தவர் மறுபடி எப்போது நம்புகிறார் என்பதுதான் சோதனை. எங்கள் குரங்குக்குத் துரை என்று பெயர், நடப்பும் அப்படித்தான். யாராவது முதலில் உள்ளே படுத்து, இயந்திரம் தடதடவென்று ஓடி முடிந்து, உயிரோடு வெளியே வந்தால்தான் ஐயா படுப்பார். அந்த யாராவது தினமும் நான்தான், படித்த படிப்புக்கு இது வேண்டியதுதான். சும்மா படுத்திருந்தால் துரைக்குச் சந்தேகம் வரும் என்பதால் பொத்தானையும் அழுத்துவேன், சாற்றையும் குடிப்பேன். போன மாதம் ஒரு நாள் நான் படுத்து எழுந்த பிறகும் துரை வயிறு சரியில்லாமல் கூண்டைவிட்டு வரவே இல்லை. இயந்திரம் இயக்கும் பெண் அந்த அவசரத்தில் என் பதிவைத் துரையின் பெயரில் சேமித்துவிட்டாள். உன் மாமா மூளைப் படத்தைத் திறந்தே பார்ப்பதில்லை, வரைகோடுகளை மட்டும்தான் பார்ப்பான். திறந்திருந்தால் ஒரு குரங்குக்கு ஒரே நாளில் மூளை எப்படிப் பதினைந்து மடங்கு வீங்கியது என்றாவது கேட்டிருப்பான்.

திங்கட்கிழமை கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அந்தக் கோடுகளைப் போட்டுக் காட்டினான். மத்த நாளெல்லாம் துரை மூணாவது தடவையே நட்சத்திரத்தை மன்னிச்சிடறான், இந்த ஒரு நாள் மட்டும் முதல்ல ஏமாந்த பிறகு நாப்பது தடவையும் வட்டத்தையே அழுத்தியிருக்கான், இவ்வளவு வீம்பு புடிச்ச குரங்கை நான் பார்த்ததே இல்லை என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம்தான் தேதியைப் பார்த்தேன், துரை கூண்டைவிட்டு வராத நாள். அந்தச் சோதனையை அமைத்தவனே நான், நட்சத்திரம் பிறகு ஒழுங்காகத் தரும் என்று தெரியும், இருந்தாலும் ஒரு தடவை கைவிட்டதை நான் மறக்கவில்லை. அதோடு விட்டானா, இதைப் பாருங்க, நட்சத்திரம் வந்ததும் ஆசைப்படற இடம் பளிச்னு விழிக்குது, வேணும் வேணும்னுதான் மூளை சொல்லுது, கை மட்டும் போய் வட்டத்தை அழுத்துது, பாவம், யார்மேல என்ன கோவமோ என்றான். இயந்திரம் இயக்கும் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. நான் எழுந்து, அது துரை இல்லை, நான் என்றேன். பிறகு உன் மாமா, இதுக்கா அத்தான் இவ்வளவு பெரிய மெஷின், அக்காவைக் கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பாளே என்றான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் கணினியில் விமானச் சீட்டுப் பக்கத்தைத் திறந்தேன். கடைசியில் உறுதி செய், ரத்து செய் என்று இரண்டு பொத்தான் வந்தது. வலது கை வழக்கம்போல ரத்துக்குத்தான் போனது. அதை இடது கையால் பிடித்து வைத்துக்கொண்டு, மூக்கு நுனியால் மற்றதை அழுத்தினேன். தொடுதிரையாக இருந்தது நல்லதாகப் போயிற்று. ஆக, வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன். நான் இல்லாத நாட்களில் துரைக்கு முன்னால் உன் மாமா படுப்பான். அவனை இன்னும் மன்னிக்கவில்லை, ஒன்றொன்றாகத்தான் முடியும்.

படியில் பார்த்து இறங்கு, கனமாக எதையும் தூக்காதே. தாயும் பிள்ளையுமாக நல்லபடி பிரிந்து நூறு வயது இருங்கள். மறக்காமல் உன் கணவரிடம் ஒன்று சொல்லிவை. விமான நிலையத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தால் முதல் தடவை நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இரண்டாவது தடவையும் அப்படித்தான் இருக்கும். மூன்றாவது தடவையும் சிரிக்கச் சொல். துரையால் முடிந்தது என்னால் முடியாதா.

இப்படிக்கு,
வட்டத்தையே அழுத்திக்கொண்டிருந்த
உன் அப்பா