பயணத்தில் இருப்போருக்காக

தம்பி,

இந்த வாரம் கம்பெனியில் என்னைக் கழுவும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். கடைசல் முடிந்து வரும் இரும்புப் பாகங்களை மண்ணெண்ணெய்த் தொட்டியில் முக்கிப் பிசுக்கெடுக்கும் இடம். முதல் நாள் தொட்டியின் மூடியைத் தூக்கியதும் நீ கண்முன் வந்து நின்றுவிட்டாய். லீவில் வரும்போதெல்லாம் உன் பையிலிருந்து கிளம்பும் அதே வாடை. பறக்கும்போது நீ போடும் உடுப்பை அம்மா வாளியில் ஊறப்போட்டுவிட்டு மூக்கைச் சுளிப்பாள். "பிளேன் ஓட்றேன்னு சொல்லிகினு எங்கயாவது ஸ்டவ்வு ரிப்பேரு பண்ணிகினு கீறியாடா நைனா?" என்பாள். "பிளேனும் ஸ்டவ்வுதாம்மா, கொஞ்சம் பெருசு" என்பாய்.

என் கண்ணில் தண்ணீர் வந்ததைச் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். "மண்ணெண்ணெய் ஒத்துக்கலையாம்மா? மாஸ்க் போட்டுக்கோ" என்றார். போட்டுக்கொண்டேன். மாஸ்க்குக்குள் அழுவது வசதியாகத்தான் இருக்கிறது. வீட்டில் அந்த வசதி கிடையாது. வீட்டில் அழுதால் நீ வரமாட்டாயாம், அம்மாவின் சட்டம் அது.

கடற்படையில் விமானம் ஓட்டத் தேர்வாகிவிட்டாய் என்று நீ சொன்ன அன்று நான் சிரித்த சிரிப்பு உனக்கு மறந்திருக்காது. மாதா கோயில் திருவிழாவில் ராட்டினம் ஏறி இறங்கியதும் என் புதுப் பாவாடை மேல் வாந்தி எடுத்த மகராசன் நீ. அதைச் சொல்லிச் சிரித்தபோதும் நீ கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "அத்த வேற எவனோ சுத்திகினு இருந்தான்க்கா. கம்முனு குந்திகினு இருந்தா வாந்திதான் வரும். நம்ம கையில ஓட்ற ஸ்டிக் இருந்தா ஒண்ணும் ஆவாது" என்றாய். தாத்தா வரைக்கும் அடுத்தவர் கழனியில் அறுப்பு அறுத்தவர்கள் நாம். அப்பா உருக்காலை கேட்டில் வாட்ச்மேனாக நின்றே காலத்தை முடித்தார். நீ ஒரே தாவலாகத் தாவி ஆகாயத்துக்குப் போனாய். உன் படம் போட்ட வரவேற்பு பேனரைத் தெருமுனையில் கட்டியபோது அப்பா இல்லையே என்றுதான் எனக்கு இருந்தது.

ஒரு நாள் மதியம் போன் செய்தாய். சாப்பாட்டு நேரம். கையில் சோற்றோடு எடுத்தேன்.

"அக்கா, இன்னிக்கு நம்ம ஊரு பக்கமா வந்தேன். அத்திப்பட்டு பவர் ஹவுஸ் புகைபோக்கி தெரிஞ்சுது. அத்த வெச்சி நம்ம ஊட்ட கண்டுபுடிச்சேன்."

"கத வுடாத. ஊடு தெரிஞ்சுதா?"

"ஊடு தெரியல. ஆனா அங்கதான் கீதுன்னு தெரியும்ல? அது போதும்."

இதை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதுதான் வினை. இன்றுவரை அவள் பிடித்துக்கொண்டிருக்கும் கயிறு அதுதான்.

அதற்கப்புறம் ஒரு நாள், பயிற்சிக்கு நீ ஓட்டிப்போன விமானம் கப்பலுக்குத் திரும்பவில்லை. இரண்டு அதிகாரிகள் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்கள். இறக்கையில் ஒரு துண்டு மட்டும் மிதந்ததாம். தேடுகிறார்கள் என்றார்கள். பிறகு ஒரு நாள், தேடுவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். அம்மா அவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, "ரெக்க கெட்ச்சிச்சு, புள்ள கெடைக்கல. அப்போ ரெக்கைக்குத்தான் அடக்கம் பண்ணணும்" என்றாள். பாவம், அவர்களுக்குத் தமிழ் தெரியாது. நான் மொழிபெயர்க்கவில்லை.

தெருப் பையன்கள் அன்று மாலையே கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிவிட்டார்கள். வரவேற்புக்குப் போட்ட அதே படம். நீ பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய். அம்மா அரிவாள்மனையோடு போய்க் கயிற்றை அறுத்தாள். "எவன்டா பாத்தீங்க எம்புள்ளைய? பாக்கலன்னா இல்லன்னு ஆயிடுமா? எங்கியோ கீறான்!" என்று தெருவே அதிரக் கத்தினாள். அந்தப் பேனரை மடித்து எடுத்துவந்து மாட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டாள், கொட்டகைக்கு ஒழுகல் அடைக்க.

அதிலிருந்து மாதத்துக்கு ஒரு பூசை உனக்காக. என்ன கருத்துக்கு, எதற்காக வேண்ட என்று கோயிலில் கேட்டால், பயணத்தில் இருப்போர் நலமாய்த் திரும்ப என்பாள். பூசை தொடங்கும் முன் கோயில் உபதேசியார் மைக்கில் வாசிப்பார்: இன்னாருக்குப் பிறந்தநாள் நன்றி, இறந்துபோன இன்னார் ஆன்ம இளைப்பாற்றிக்காக, பயணத்தில் இருப்போருக்காக என்று சொல்லி உன் பெயர். முதலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது யாரும் பார்ப்பதில்லை. "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று மற்றவர்களோடு சேர்ந்து நான் அதைச் சொன்னதே இல்லை. எனக்குக் கோபம், தம்பி. அம்மாவுக்குக் காத்திருக்க ஒரு பிள்ளை இருந்தான். எனக்கு அழுவதற்குக்கூட ஒரு தம்பி இல்லை. மாமா சாவுக்குப் போனபோது மாமாவுக்கு அழுகிற சாக்கில் உனக்கு அழுதேன். எத்தனை பேர் சாவுக்குத்தான் போவது?

அதனால் இந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு உபதேசியார் வீட்டுக்குத் தனியாகப் போனேன். அன்று பூசையில் வாசிக்கும் இறந்தவர்கள் பெயர்களில் உன் பெயரையும் சேர்க்கச் சொன்னேன்.

"அம்மாவாண்ட கேட்டியாம்மா?"

"கேட்டா ஒத்துக்காதுங்கய்யா."

"பின்ன இன்னாத்துக்கும்மா?"

"எனக்கு வோணும்."

அவர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

சாயங்காலப் பூசை கல்லறைத் தோட்டத்திலேயே. அப்பா கல்லறையில் சாமந்தி போட்டு மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்று அணைக்க அணைக்க அம்மா முந்தானையால் மறைத்து மறைத்து ஏற்றினாள். நல்ல கூட்டம். மூன்றாவது ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் யூனிஃபார்மோடு வந்து நின்றார்கள். உபதேசியார் ஒவ்வொரு பெயராக வாசிக்க, கூட்டம் மொத்தமும் "முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக" என்று பதில் சொன்னது. அப்பா பெயருக்கு அம்மாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

பிறகு உன் பெயர். ஞானஸ்நானப் பெயரோடு, முழுதாக.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியையே பார்த்தாள். அது நான் எதிர்பார்த்ததுதான். அவள் சொல்லாவிட்டால் என்ன, நான் சொல்வேன், சத்தமாகச் சொல்வேன், சொல்லி அங்கேயே உட்கார்ந்து ஆசைதீர அழுவேன் என்றுதான் வந்திருந்தேன். கூட்டம் சொல்லிவிட்டது. உன்னோடு பத்தாவது படித்தவர்கள், பேனர் கட்டிய பையன்கள், யாரென்றே தெரியாதவர்கள் எல்லாரும் உனக்கு ஒளி கேட்டுவிட்டார்கள். என் வாய் திறக்கவில்லை. உபதேசியார் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அம்மா கேட்டாள்.

"நீதான் பேரு குட்த்தியா?"

"ஆமா."

திட்டுவாள் என்று இருந்தேன். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெகு நாளுக்கப்புறம்.

"குட்த்துட்டு, நீ ஏன் சொல்லல?"

அவளிடம் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். உனக்கு அழ வேண்டும் என்றுதான் பெயரைக் கொடுத்தேன். ஆனால் அந்த வரியைச் சொல்லிவிட்டால் நீ செத்துப்போய்விடுவாய், தம்பி. ஊரே சொல்லி முடித்துவிட்டது; என் வாயில் மட்டும் அது இன்னும் இருக்கிறது.