ஜெபச் சீட்டில் என் கோபம்

ஜூன் 11, செவ்வாய்

ஒன்பதாம் நாள். ஜெய்சன் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறான், தட்டைக் கழுவி வைக்கிறான். அடிக்கிற கணவனைப் பற்றிப் புகார் சொல்லலாம். தட்டைக் கழுவுகிறவனைப் பற்றி யாரிடம் சொல்வது?

மார்ச்சில் கரு கலைந்தது. நான்காம் மாதம். அன்றிலிருந்து அதைப் பற்றி அவன் ஒரு சொல் சொன்னதில்லை. நான் கத்துகிறேன். அவன் சும்மா இருக்கிறான். நான் இன்னும் கத்துகிறேன்.

இன்று கேட்டேன்: "கவுன்சிலிங்குக்கு வாரியா, இல்ல நான் திருவாதவூருக்கு எங்கம்மா வீட்டுக்குப் போகட்டா?"

தலையாட்டினான். எதற்கு என்று தெரியவில்லை.

ஜூன் 15, சனி

மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு மாடி அறை. ஆலோசகர் பெயர் பவதாரிணி. என்னைவிட இரண்டு வயது மூத்திருந்தால் அதிகம். அதுவே எரிச்சல்.

முதலில் விதிகள். ஐம்பது நிமிடம். இங்கே பேசுவது வெளியே போகாது — யார் உயிருக்காவது ஆபத்து என்றால் தவிர. யார் பக்கமும் சாயமாட்டார். தீர்ப்புச் சொல்லமாட்டார்.

நான் தீர்ப்பு வாங்கத்தான் போயிருந்தேன். ஆதாரங்களை மனப்பாடம் செய்துகொண்டு.

"அப்ப எதுக்குங்க உங்ககிட்ட வரணும்?"

"கோபமா கேக்குறீங்க. கேளுங்க. இங்க அது தப்பில்ல."

ஜெய்சன் நாற்பது நிமிடம் மின்விசிறியைப் பார்த்தான்.

ஜூன் 16, ஞாயிறு

ஒன்றும் மாறவில்லை. ஒரே தடவையில் முடிய இது என்ன, பல் பிடுங்குவதா?

ஜூன் 22, சனி

இரண்டாம் முறை. வீட்டில் செய்ய ஒரு பயிற்சி: தினம் பத்து நிமிடம், ஒருவர் பேச மற்றவர் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். திரும்பும்போது பைக்கில் அவன், "செஞ்சு பாக்கலாம்" என்றான்.

இரண்டே வார்த்தை. பின்னாலிருந்து அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் மேலேயே கோபம் — இம்புட்டுக்கா?

ஜூன் 23, ஞாயிறு

ஆராதனையில் ஜெப விண்ணப்பங்கள் வாசிக்கிற நேரம். யாரும் சீட்டு எழுதிப் பெட்டியில் போடலாம். போதகர் வாசித்தார். ஒருவருக்குச் சர்க்கரை. ஒருவருக்குக் கண் ஆபரேஷன். அப்புறம் —

"விளாங்குடியில் ஒரு சகோதரி. கர்ப்பம் தங்காத துக்கத்தில் கணவரோடு சமாதானம் இல்லை. கவுன்சிலிங் போகிறார்கள். சகோதரியைப் பிடித்திருக்கும் கோபத்தின் ஆவி நீங்க ஜெபிப்போம்."

பெயர் சொல்லவில்லையாம். விளாங்குடியிலிருந்து அந்தச் சபைக்கு வருவதே மூன்று வீடு. ஒருத்திக்கு அறுபது வயது. ஒருத்திக்கு மூன்று பிள்ளைகள். மிச்சம் நான்.

முன்வரிசையில் ஜெய்சனின் அம்மா, கண்களை மூடிக்கொண்டு, "ஆமென்."

வாசலில் நிறுத்திக் கேட்டேன்.

"நல்லதுக்குத்தானம்மா எழுதிப் போட்டேன். ஜெபிக்காம எப்படித் தீரும்?"

"என்னக் கேட்டீங்களா அத்தை?"

"பாத்தியா, இதத்தான் எழுதுனேன்."

ஜூன் 24, திங்கள்

பேசாத ஆவி என்று ஒன்று கிடையாதா? அதற்கு யார் சீட்டு எழுதுவார்கள்?

ஜூன் 29, சனி

போகக்கூடாது என்றிருந்தேன். பவதாரிணியைச் சாட்சியாக வைத்துக் கேட்கவே போனேன்.

"உங்கம்மாட்ட யாரு சொன்னது?"

"நான்தான். போன்ல. அழுதேன்... ரொம்ப நேரம். பிள்ளையப் பத்தி."

அழுதானாம். ரொம்ப நேரம். அப்ப இவனுக்குப் பேச வருது. எங்கிட்டதான் வரல. மூணு மாசமா ஒரே வீட்டுல கெடந்துக்கிட்டு —

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பவதாரிணி தடுக்கவில்லை. "போகணும்னா போகலாம். கோபம் எது மேலன்னு அவர்ட்ட ஒரு தடவ சொல்லிட்டுப் போங்க."

சீட்டைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"என் முன்னாடி நீ ஏன் அழல?"

"நீ ஒடஞ்சு கெடந்த. நானும் அழுதா உன்ன யாரு பாத்துக்குவா?"

"பாத்துக்கன்னு நான் கேட்டேனா?"

கீழே டீக்கடை வரை கேட்டிருக்கும். பவதாரிணி என்னை அமைதிப்படுத்தவில்லை. அன்றைய ஐம்பது நிமிடமும் அதிலேயே முடிந்தது. பை மடியில் இருந்தது.

ஜூலை 7, ஞாயிறு

கோபம் போகவில்லை. ஆராதனைக்கும் போகவில்லை. மதியம் தொடங்கிய பத்து நிமிடப் பேச்சு சண்டையாகி ஒரு மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினான். "எனக்கும்தான்டி அது பிள்ள!"

அழைப்புமணி. வாசலில் அத்தை, போதகர், பாட்டுப் புத்தகங்களோடு நாலு பேர். வீட்டு ஜெபம்.

நான் நகரவில்லை. அவன்தான் போனான்.

"இன்னைக்கு வேணாம்மா. நாங்க சண்ட போட்டுக்கிட்டு இருக்கோம்."

"ஐயோ ராசா, அதுக்குத்தானப்பா வந்தோம்."

"இன்னும் முடியலம்மா. போயிட்டு வாங்க."

கதவைச் சாத்தினான். முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"எங்க விட்டோம்? சொல்லு."