ரம்புக்கனையில் இருக்கும் நீலப் போத்தல்

என் கணேசு அண்ணே, கோபிக்காமல் கேளுங்கள்.

நீங்கள் போன பிறகும் உங்கள் போனுக்கு சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். கரண்ட் வேலைக்கு உங்களைத் தேடுகிறவர்களுக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டுமே. போன மாதம் ஒரு பெண் கூப்பிட்டார். "கணேசன் அண்ணன் ஈக்கிறாரா? ரம்புக்கனையில இருந்து ரசீனா பேசுறேன். கொஞ்ச நாளா இந்தப் பக்கம் வரவே இல்லையே?"

ரம்புக்கனையில் உங்களுக்கு யார் அண்ணே? நீங்கள் இறந்த செய்தியைச் சொன்னேன். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நீலப் போத்தல் வெசயம் உங்களுக்குத் தெரியுமா?"

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நம் போத்தல்களைப் பற்றித் தெரியாது. கஹவத்தைக்கு மேலே, நம் ரப்பர் தோட்டத்துப் பழைய பங்களாவில் வயர் மாற்றப் போனபோது, ஸ்டோர் அறைத் தூசிக்குள் அந்த நீலப் போத்தல் உங்களுக்குக் கிடைத்தது. "ஓன நம் கெனியன்ன" என்றாராம் துரை சிங்களத்தில், வேண்டுமானால் கொண்டு போ என்று. நீண்ட கழுத்து, உருண்டை வயிறு, மேலெல்லாம் எனாமலில் புடைத்து நிற்கும் வெள்ளைப் பூக்கள். வீடியோ வீடியோவாகப் பார்த்து, வெளிநாட்டு முடிவெட்டும் கடைகளில் தலைக்குத் தடவும் வாசனைத் தண்ணீர் வைத்த போத்தல் அது என்று கண்டுபிடித்தீர்கள். பெரும்பாலும் ஜோடியாகத்தான் வைத்திருப்பார்களாம்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். பழைய சாமான் கடை எங்கே கண்டாலும் நுழைந்துவிடுவீர்கள். ஊதா, பச்சை, பால்வெள்ளை என்று நம் லயத்து வீட்டு ஜன்னலோரப் பலகை நிறைந்தது. தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா வேலை முடிந்து நான் வந்தால், நீங்கள் துணியும் கையுமாக உட்கார்ந்திருப்பீர்கள். "எந்தத் தொரை தலைக்கு ஊத்துனதோ, தங்கச்சி? நம்ம ஆளு யாராச்சும்தானே அவருக்கு முடி வெட்டியிருப்பாங்க? அந்த முடி வெட்டுனவரு பேரு என்னவா இருக்கும்?" கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த ஆசை ஒட்டிக்கொண்டது. நீலத்துக்கு மட்டும் ஜோடி கிடைக்கவில்லை என்று கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

அதனால்தான் போனேன். போத்தலைச் சேலையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, இரத்தினபுரி, கேகாலை என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் வீடு. ரசீனாவே கதவைத் திறந்தார். முகம் என் பக்கம் திரும்பியிருந்தது, பார்வை இல்லை. அவருக்குக் கண் தெரியாது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

உள்ளே போய் எடுத்து வந்தார். அதே நீலம், அதே கழுத்து, அதே பூக்கள். உள்ளே பாதிக்குத் தேங்காய் எண்ணெய்.

"வாப்பா ஒரு பங்களாச் சாமானோட வாங்கினது. மத்த போத்தலெல்லாம் தொட்டா ஒண்ணு போலதான் ஈக்கும். இதுல பூ கையில தட்டுப்படும். அதனால என் எண்ணெய்க்கு இதுதான்."

உங்கள் போத்தலை அவர் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"இத அண்ணன் முந்தியே கொண்டு வந்தாரு. எங்கயோ கடையில விசாரிச்சுத் தேடி வந்தவரு, நான் தலைக்கு எண்ணெய் வெக்கிறதப் பாத்துட்டு, 'இது வேற மாதிரிம்மா, என்னோடதுக்கு ஜோடி இல்ல'ன்னுட்டாரு. எனக்குக் கண்ணுதானே இல்ல, வெரல் ஈக்குதானே? ரெண்டுலயும் எல கூட ஒரே பக்கம் சாயுது. பொய் செல்றாருன்னு வெளங்கிச்சு. ஏன்னும் வெளங்கிச்சு. பேசாம இருந்துட்டேன்."

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்திருக்கிறீர்கள். ஸ்விட்ச் மாற்றிக் கொடுத்து, தேத்தண்ணி குடித்து, ஊர்க்கதை பேசியிருக்கிறீர்கள். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை இல்லை. ஏன் அண்ணே? நான் போய்க் கேட்டு வாங்கிவிடுவேன் என்று பயந்தீர்களா? இல்லை, தேடுகிறது முடிந்துபோய்விடும் என்றா?

"அண்ணன் ஆசப்பட்டது. கொண்டு போங்க. நான் வேற போத்தலுக்குப் பழகிக்கிறேன்" என்றார் ரசீனா.

மேசையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவ்வளவு அழகு. எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் ஒரு நிமிஷம் தோன்றியது, மறைக்க மாட்டேன். பிறகு உங்களை நினைத்துக்கொண்டு, "வேணாங்க. ரெண்டும் ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

"அதெப்படி? ரெண்டும் ஒண்ணு போல ஈந்தா எது எண்ணெய், எது ஷாம்பூன்னு நான் எப்படிப் பாக்கிற? எண்ணெய் வடிய வடிய மேல திரும்ப எண்ணெய் ஊத்தவா?"

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

உங்கள் போத்தலை மட்டும் எடுத்துக்கொண்டு நான் கிளம்பும்போது அவர் கேட்டார்: "மத்தப் போத்தல்ல எல்லாம் என்ன பூ?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அத்தனை வருஷம் கண் முன்னால் இருந்தும், நிறத்தைத் தவிர எதையும் நான் பார்த்ததில்லை போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவினேன். ஊதாப் போத்தலின் அடிப்பக்கம் ஒரு பூ மட்டும் நசுங்கியிருக்கிறது அண்ணே. எனாமல் காய்வதற்கு முன் யாருடைய விரலோ பட்ட மாதிரி, சின்னப் பள்ளம். அதற்குள் கோடு கோடாக ரேகை கூட இருக்கிறது. நீங்கள் அதைக் கண்டிருந்தீர்களா? ஆணா, பெண்ணா? எந்த ஊரில் உட்கார்ந்து அந்தப் பூவைப் போட்ட கை?

வருகிற ஸ்கூல் லீவுக்குத் தன் மகளோடு நம் வீட்டுக்கு வருவதாக ரசீனா சொல்லியிருக்கிறார். யாரையும் தொட விடாதவர் நீங்கள், தெரியும். இருந்தாலும் பலகையில் உள்ள ஒவ்வொன்றையும் அவர் கையில் கொடுக்கத்தான் போகிறேன். தரையில் மெத்தையை விரித்து, அதன் மேல் உட்காரவைத்துத்தான் கொடுப்பேன். ஒன்றுகூட உடையாது, அண்ணே. அதற்கு நான் பொறுப்பு.

உங்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் உங்களை இப்போதுதான் தெரிந்துகொள்ளும்
உங்கள் தங்கச்சி,
செல்வி