நுரை கொஞ்சம் கம்மிதான்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. உன் பக்கம் குளிர் கடுமை என்று செய்தியில் பார்த்தோம்.

நம் சோப்புக் கம்பெனி விஷயத்துக்கு வருகிறேன். நீ போன இரண்டாவது மாதமே விளம்பரக்காரர்கள் சோப்பு உறையை மாற்றிவிட்டார்கள். "நுரை கொஞ்சம் கம்மிதான். அழுக்கு போயிடும், கவலைப்படாதீங்க" என்று நீ எழுதியிருந்த இடத்தில் 'தூய்மையின் புதிய சகாப்தம்' வந்தது. உறையில் ஒரு பேச்சு, கடைப் பலகையில் வேறு பேச்சு, வாடிக்கையாளர்களுக்குப் போகும் செய்தியில் இன்னொன்று. கடை அலமாரியில் நம் சோப்பும் பக்கத்துச் சோப்பும் கலந்து கிடந்தன. கடைக்காரர் ஒருவர் என்னிடமே மாற்றி எடுத்துக் கொடுத்தார்.

போன மாதம் ஒரு சரக்கில் காஸ்டிக் சோடா அளவு கூடிவிட்டது. சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்தான். பலருக்குத் துணி சாயம் போயிற்று, சிலருக்குக் கை எரிந்தது. ஒரு நர்ஸம்மா எழுதியிருந்தார்: "முன்னாடியெல்லாம் நீங்க எழுதினா பக்கத்து வீட்டு அக்கா பேசுற மாதிரி இருக்கும். இப்போ யாரு பேசுறீங்கன்னே தெரியல. அந்தப் பொண்ணு வேலையை விட்டுட்டாங்களா?"

விளம்பரக்காரர்கள் ஒரு பதில் தயாரித்துக் கொண்டுவந்தார்கள். 'சில பயனாளர்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய அசௌகரியத்துக்கு' என்று ஆரம்பித்தது. பேக்கிங்கில் இருக்கும் பெரியக்கா அதை வாங்கிப் படித்துவிட்டு, "தப்பு பண்ணது யாருன்னு கடைசி வரைக்கும் வரவே இல்லையே சார்" என்றார்.

வாடிக்கையாளர்களுக்கு நீ எழுதிய பழைய பதில்கள் இருக்கும் கோப்பை எடுத்து இரண்டு நாள் படித்தேன். எட்டு வருஷத்துக் கடிதங்கள். கோபப்பட்டவருக்கும் பாராட்டியவருக்கும் ஒரே ஆள்தான் பேசியிருக்கிறாள். பிறகு நானே எழுதினேன்: "அளவு தப்பினது எங்க தப்பு. அந்தச் சோப்பைத் தொடாதீங்க, திருப்பி வாங்கிக்கிறோம். கை எரிஞ்சா நிறையத் தண்ணி விட்டுக் கழுவுங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க." கடைகளுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் அதையே அனுப்பினோம். முக்கால்வாசி சரக்கு திரும்பி வந்துவிட்டது. நர்ஸம்மாவும் பதில் போட்டார்: "இது அந்தப் பொண்ணு எழுதினது இல்ல. ஆனா அவங்க வீட்டு ஆளு யாரோன்னு தெரியுது."

விளம்பரக்காரர்களை நிறுத்திவிட்டேன். புது உறைக்கு நாலு வரி எழுதிப் பார்த்தேன், கைகூடவில்லை.

விளம்பரக்காரர்கள் முதலில் வந்த அன்றைக்குக் கூட்டத்தில், உறையில் இருந்த உன் வரிகளைக் காட்டி, அத்தனை பேர் முன்னால், "அது என் தங்கச்சி பொழுது போகாம எழுதினது" என்று சொன்னேன். நீ பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து போனாய். அது பொழுதுபோக்கு இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். வந்தவர்கள் முன் பெரிய மனுஷனாகத் தெரிய வேண்டியிருந்தது. அதற்காகச் சொன்னேன்.

உனக்கு அங்கே நல்ல வேலை. திரும்பி வா என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு போனில் பேசுகிறாய். நான் பக்கத்து அறையில்தான் இருக்கிறேன். அடுத்த முறை போனை வைப்பதற்கு முன்னால், "அண்ணன்கிட்ட குடும்மா" என்று ஒரு தடவை சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாக இரு.

உன் அண்ணன்