பூங்கா சரியான பிறகு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, போதுமான அளவு தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் அம்மா இந்தக் கடிதத்தைத் தொடங்கச் சொல்கிறாள். இங்கே நாங்களும் அப்படியே இருக்கிறோம் என்று வழக்கமாக அடுத்து வரும் வரியை இந்த முறை எழுத வேண்டாம் என்கிறாள். அம்மாதான் முதலில் எழுத உட்கார்ந்தாள். தாளைத் தாளாகக் கிழித்துப் போட்டுவிட்டுப் பேனாவை என் கையில் திணித்துவிட்டாள். "நீதான் எந்நேரமும் புத்தகமும் கையுமா இருக்கியே, நீயே எழுது. ஆனா உன் புத்தகப் பாஷையெல்லாம் வேண்டாம், நடந்ததை நடந்த மாதிரி எழுது" என்றாள். ஆகவே சொல்வது அம்மா, எழுதுவது நான். அப்பா உள்ளே படுத்திருக்கிறார். தூங்குகிறாரா, சும்மா படுத்திருக்கிறாரா என்று தெரியவில்லை, அதனால் அம்மா என் காதருகே குனிந்துதான் சொல்கிறாள். மாடி வீட்டுப் பூனை நம் செருப்புப் பெட்டிக்குள் குட்டி போட்டிருக்கிறது, குளியலறைக் கூரையில் மறுபடி ஈரம் ஊறுகிறது, எனக்குக் கணக்கில்தான் மதிப்பெண் குறைந்தது, மற்றதில் குறையில்லை. நீ அனுப்பிய கம்பளிச் சட்டையை அம்மா இன்னும் பிரிக்கவில்லை, நீ வந்த பிறகு போட்டுக்கொள்வாளாம்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அப்பாவின் பார்வை நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே வருகிறது என்று எழுதினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "மங்குது கிங்குதுன்னு என்னடி, கண்ணு தெரியலன்னு எழுது" என்று அந்த வரியை அடிக்கச் சொன்னாள். அப்பாவுக்குக் கண் தெரியவில்லை, அக்கா. வெளிச்சம் எது, இருட்டு எது என்று தெரிகிறது. எதிரே ஆள் நின்றால் ஒரு நிழல் தெரிகிறதாம், அவ்வளவுதான். முட்டிவலி என்று சொல்லி அவர் பஸ் ஓட்டும் வேலையை விட்டது உனக்குத் தெரியும், அது முட்டிவலி இல்லை. போனது போனதுதான், மிச்சமிருப்பதும் நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். "அவ இப்பத்தான் அங்க காலூன்றியிருக்கா. இது காதுல விழுந்தா பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பா" என்பார். அக்கம்பக்கத்திலும் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலே இத்தனை நாள் அவர் காலம் தள்ளியதற்குக் காரணம் நம் தெருமுனைப் பூங்கா.

உனக்கு அந்தப் பூங்கா நினைவிருக்கும், உருப்படியாக ஒன்றும் இல்லாத பூங்கா. ஆனால் அப்பாவுக்கு அங்கே உடைந்து கிடந்த ஒவ்வொன்றும் ஒரு அடையாளம். வாசலைத் தாண்டியதும் ஒரு பலகைக்கல் காலடியில் டொக்கென்று ஆடும், அங்கே இடப்பக்கம் திரும்ப வேண்டும். ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிடுவது வலது காதில் கேட்டால் வழி சரி. பிறகு மூடாமல் சொட்டிக்கொண்டே இருக்கும் குழாய், அதைத் தாண்டினால் மரத்தின் வேர் பாதையைப் பிளந்துகொண்டு மேடாக எழும்பியிருக்கும். அந்த மேட்டில் ஏறி இறங்கினால், விடுமுறை நாளில் குடும்பங்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து உட்காரும் சிமெண்டு மேசைகள். மூலை உடைந்த மேசைதான் அவருடையது. தினமும் மாலையில் கைத்தடிகூட இல்லாமல் பள்ளிப் பிள்ளைபோல் விறுவிறுவென்று போய் அங்கே உட்காருவார். பஸ் கதைகள் சொல்வார், கூட்டம் சேரும். டிக்கெட் எடுக்காமல் ஆட்டைக் கூட்டி வந்த கிழவர் கதையை நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், தடவைக்கு ஒரு ஆடு கூடும். ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. யார் வந்தாலும் குரலை வைத்தே முந்திக்கொண்டு கூப்பிட்டுவிடுவார்.

இந்தப் பூங்காவைச் சீர்செய்ய நகராட்சி பணம் ஒதுக்கியது. மக்களிடம் கேட்டுத்தான் திட்டம் போட வேண்டும் என்று ஒரு இளம் என்ஜினீயர் பெண் வந்தாள். கூட்டம் அந்தச் சிமெண்டு மேசைகளிலேயே நடந்தது. வரைபடத்தை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள். எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவரை நாங்கள் மைக் மாமா என்போம், மைக் இல்லாமலே தெருவுக்குக் கேட்கிறாற்போல் பேசுவார். நடப்பவர்கள் வழவழப்பான பாதை கேட்டார்கள், தாய்மார்கள் குழந்தை விழுந்தால் அடிபடாத தரை கேட்டார்கள், சாப்பிட வருகிறவர்கள் மேசைகளுக்குக் கூரை கேட்டார்கள். பிறகு மைக் மாமா, "டிரைவர் சார், தினமும் வர்றது நீங்கதான். எதெது உடைஞ்சு கிடக்குன்னு புட்டுப் புட்டு வைங்க" என்றார். அப்பா எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார், அக்கா. ஆடும் கல், கிறீச்சிடும் சங்கிலி, சொட்டும் குழாய், வேர் தூக்கிய மேடு என்று வாசலிலிருந்து வரிசை மாறாமல் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் பெண் எழுதிக்கொண்டே, "சார் கண்ணை மூடிக்கிட்டுக்கூடச் சொல்லிடுவார் போலிருக்கே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதைவிடப் பெரியது அதற்குப் பிறகுதான். அந்தப் பெண் கடைசியில் காகிதங்களை மூடுவதற்கு முன்பு, "இங்க பார்வைக் குறைவு, நடக்கச் சிரமம்னு யாராவது இருக்கீங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. காலால தடவிப் பார்த்தே நடக்கிற மாதிரி கோடு போட்ட ஓடு பதிக்கலாம், கைப்பிடிக் கம்பி வைக்கலாம். பிளான் போயிட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அம்மா மேசைக்குக் கீழே அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். அப்பா கையை இழுத்துக்கொண்டார். மைக் மாமா எல்லோருக்கும் சேர்த்து, "நம்ம தெருவுல அப்படி யாரும் இல்லம்மா, எல்லாரும் திடமாத்தான் இருக்கோம்" என்றார். அப்பாவும் தலையாட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "அதையெல்லாம் ஏன் நீங்களே போய்ச் சொன்னீங்க? அது போயிட்டா எதைப் பிடிச்சு நடப்பீங்க?" என்று கேட்டாள். அப்பா, "அந்தச் சங்கிலியில போன வாரம் ஒரு குழந்தைக்கு விரல் மாட்டிக்கிச்சு. எனக்கு வழி தெரியணும்னு அது அப்படியே கிறீச்சுன்னு கிடக்கணுமா?" என்றார். அப்படியானால் அந்தப் பெண் கேட்டபோதாவது வாயைத் திறந்திருக்கலாமே என்றாள் அம்மா. அப்பா நடையை வேகமாக்கினார். பிறகு, "ஊரையே உக்கார வச்சுக் கூட்டிக்கிட்டுப் போனவன்டி நான்" என்று மட்டும் சொன்னார்.

பூங்கா மூடப்பட்டுப் பிறகு திறந்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, அதையும் எழுத வேண்டும். கண்ணாடி போன்ற பாதை, எண்ணெய் போட்ட புது ஊஞ்சல், சொட்டாத குழாய். மேசைகளையெல்லாம் எதிர்ப்பக்கம் கூரைக்குக் கீழே மாற்றிவிட்டார்கள். திறந்த அன்று அப்பா சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு தனியாகத்தான் போவேன் என்று கிளம்பினார். அம்மா என்னைப் பின்னால் அனுப்பினாள். வாசலில் நின்று காலால் அந்தக் கல்லைத் தேடினார், எங்கும் ஒரே மாதிரி இருந்தது. ஊஞ்சலில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள், ஆனால் அதிலிருந்து சத்தமே வரவில்லை. அவர் தலையை அப்படியும் இப்படியும் திருப்பிக் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, பழைய நினைவில் இடப்பக்கம் திரும்பி நேரே புதிதாக நட்ட பூச்செடிகளுக்குள் இறங்கிவிட்டார். மைக் மாமா, "சார்! செடி, செடி! என்ன சார் இது, புதுசா நட்டது!" என்று கத்தினார். மேசைப் பக்கமிருந்து ஒருவர், "டிரைவர் இன்னிக்குச் சாயங்காலமே ஏத்திட்டாரு போல" என்றார். நான் ஓடுவதற்குள் அப்பா சிரித்தார். "ஆமாப்பா, கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர், அக்கா. நான் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். குடிகாரர் தள்ளாடுவதுபோலவே நடந்து காட்டினார், தெரு முழுக்க.

அன்றிலிருந்து வெளியே போவதில்லை. ஜன்னலோர நாற்காலியை அவரே சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். நான் செய்தித்தாள் வாசித்தால் பாதியில், "போதும்மா, நீ உன் பாடத்தைப் படி" என்கிறார். ஆட்டுக் கதையைக் கேட்டேன், மறந்துவிட்டது என்றார். அம்மா அவருக்குத் தெரியாமல் அந்த என்ஜினீயர் பெண்ணின் அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டதாம். வேலை முடிந்து கணக்கும் மூடியாகிவிட்டது, இனி எப்போது பணம் வரும் என்று தெரியாது, "அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றாளாம். அம்மா திரும்பி வந்து என்னிடம் அதைச் சொல்லிவிட்டுப் பாத்திரங்களைத் தேய்க்கத் தொடங்கினாள், ஏற்கெனவே தேய்த்த பாத்திரங்களை.

வேலையை விட்டுவிட்டு வா என்று அம்மா சொல்லவில்லை. விடுப்பு கிடைத்தால், அந்த நிழலும் அழிவதற்குள் ஒரு முறை அவர் எதிரே வந்து நின்றுவிட்டுப் போ என்கிறாள். நீ வருவதால் ஒன்றும் மாறப்போவதில்லை என்று அவளுக்கும் தெரியும். இனிப் புகைப்படம் அனுப்பாதே. வந்த படத்தைப் பல்புக்கு அருகே பிடித்துக்கொண்டு, நன்றாக இருக்கிறாள், கொஞ்சம் இளைத்திருக்கிறாள் என்று அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்க எங்களால் முடியவில்லை. நீ நிறைவாக, நோய் நொடி இல்லாமல், நல்லவர்கள் நடுவில் நெடுநாள் இருக்க வேண்டும் என்று அம்மா வாழ்த்துகிறாள். மழையில் தலையை நனைக்காதே, காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே.

முக்கியமாக ஒன்று. வரும்போது வழக்கம்போல் சத்தமில்லாமல் பின்னால் வந்து அப்பாவின் கண்ணைப் பொத்தாதே. போன முறை நீ பொத்தினபோது, "யாரு, டிக்கெட் எடுக்காத ஆளா? தபால்காரரா?" என்று அடுக்கிக்கொண்டே போனார். நீ கையை எடுத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் எதிரே வந்து நின்ற பிறகும், "மாடி வீட்டுப் பூனையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்போது எங்களுக்கும் தெரியாது, நாம் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். தெருவிலேயே, அப்பா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே வா.

உன் வழியையே பார்த்திருக்கும்,
அம்மா
(எழுதியது தங்கை)